வெள்ளையடிக்கும் உரிமை யாருக்கு? ஒரு சுவரும் நான்கு வழிகளும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது பழைய சொல். நகரத்தில் சுவருக்குப் பஞ்சமில்லை, அதன் மேல் யாருக்கு என்ன பாத்தியதை என்பதில்தான் வம்பு. ஒரு குடியிருப்போர் சங்கமோ பள்ளிக்கூடமோ நகராட்சி வார்டோ பெரிய வெற்றுச் சுவர் ஒன்றைக் காட்டி, "இதில் ஏதாவது வரையலாமே" என்று ஆரம்பித்தால், முதல் கூட்டத்திலேயே பேச்சு படத்துக்குப் போய்விடும். பறவையா, பூவா, தலைவரா? யாராவது ஒருவர் கைபேசியை நீட்டி வேறொரு ஊர்ச் சுவரைக் காட்டுவார். அரை மணி நேரத்தில் நிறம்வரை முடிவாகிவிடும். பத்து வருடம் கழித்து வண்ணம் வெளிறி, பூச்சு பொரிந்து, கட்டடமும் கைமாறியிருக்கும்போது அந்தப் படத்தின் மேல் வெள்ளையடிக்கும் உரிமை யாருடையது? இதை மட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியை வைத்தே வழிகளை எடை போடலாம் என்பது என் கட்சி. வழிகள் சுமாராக நான்கு. பெயர் பெற்ற ஓவியரைக் காசு கொடுத்து அழைக்கலாம். அங்கே குடியிருப்பவர்களே கூடி வரையலாம். வருகிறவர் போகிறவர் எல்லாம் வரையட்டும் என்று சுவரைத் திறந்துவிடலாம். ஒன்றுமே வேண்டாம் என்று வெறுமனே விட்டுவிடலாம்.

ஓவியரை அழைத்தால்

இருப்பதிலேயே வேகமான வழி இது. சாரம் கட்டி, பிரைமர் அடித்துக் கொடுத்தால், ஐந்தாறு மாடி உயரச் சுவரைத் தேர்ந்த கை பத்துப் பதினைந்து நாளில் முடித்துவிடும். வேலையின் தரத்தில் மற்ற வழிகள் இதன் பக்கத்தில் நிற்க முடியாது, அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் காசு கொடுப்பவரே சுவருக்கும் சொந்தக்காரராக இருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள 1933ஆம் ஆண்டின் நியூயார்க்குக்குப் போக வேண்டும்.

ராக்கஃபெல்லர் சென்டரின் முகப்புக் கூடத்தில் மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா சாரத்தின் மேல் நின்று வரைந்துகொண்டிருந்தார். பேசிய தொகை 21,000 டாலர். ஓவியத்தில் லெனின் முகம் வந்தது. அதை எடுத்துவிட்டு யாரோ ஒரு சாதாரண மனிதனின் முகத்தை வையுங்கள் என்று கட்டடத்துக்குச் சொந்தமான குடும்பத்தின் நெல்சன் ராக்கஃபெல்லர் கடிதம் எழுதினார். வேண்டுமானால் லிங்கனையும் சேர்க்கிறேன், லெனினை எடுக்க மாட்டேன் என்றார் ரிவேரா. மே மாதத்தில் ஒருநாள் அவரைக் கீழே இறங்கச் சொல்லி, பாக்கித் தொகைக்குக் காசோலையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பேசிய பணத்தில் குறை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். படத்தைத் துணி போட்டு மூடினார்கள், 1934 பிப்ரவரியில் அழித்தார்கள். அது ஃப்ரெஸ்கோ: ஈரச் சாந்தின் மேல் வண்ணத்தைத் தீட்ட, காயும் சுண்ணாம்போடு அது சேர்ந்து இறுகிவிடும். மேலே இருப்பதைச் சுரண்டி எடுக்க வராது, பூச்சையே கொத்தியாக வேண்டும். கொத்தினார்கள். ரிவேரா அதே ஓவியத்தை மெக்சிகோ நகரத்தின் நுண்கலை மாளிகையில் திரும்ப வரைந்தார். மதுவைக் கையால் தொடாத, நெல்சனின் தந்தை ஜான் டி. ராக்கஃபெல்லர் ஜூனியரை அதில் ஒரு கேளிக்கை விடுதியில் உட்கார வைத்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

இன்றைக்கு இருக்கும் புரவலர்கள் உளியைத் தூக்குவதில்லை. அவர்களுக்குப் படம் இருப்பதுதான் லாபம். அமெரிக்காவின் மயாமி நகரத்து வின்வுட் ஒரு காலத்தில் கிடங்குகளின் பேட்டை. மனைத் தொழிலதிபர் டோனி கோல்ட்மன் 2009இல் ஜன்னல் இல்லாத அந்தக் கிடங்குச் சுவர்களை உலகத்து ஓவியர்களுக்குக் கொடுத்தார். கூட்டம் வந்தது, உணவகங்கள் வந்தன, வாடகை ஏறியது. அவர் எதையும் ஒளித்துச் செய்யவில்லை. இடத்தை வாங்கி, பகுதியை மாற்றி, மதிப்பை ஏற்றுவது அவர் தொழில், ஓவியம் அதற்கு முதலீடு. இந்தக் கணக்கு புரிந்த ஓவியர்களும் உண்டு. பெர்லினின் க்ராய்ட்ஸ்பெர்கில் இத்தாலியரான ப்ளூ வரைந்த இரண்டு பெரிய சுவரோவியங்கள் அந்த நகரத்தின் அடையாளமாகவே ஆகியிருந்தன. பக்கத்துக் காலி மனையில் கட்டடம் எழப்போகிறது, தன் ஓவியம் அதற்கு விலை ஏற்றும் அலங்காரமாகிவிடும் என்ற நிலை வந்ததும், 2014 டிசம்பரில் அவர் சம்மதத்தோடு ஒரே இரவில் இரண்டையும் கறுப்பு அடித்து மூடினார்கள். அழிக்கும் உரிமையை ஓவியரே எடுத்துக்கொண்ட அபூர்வமான சம்பவம்.

ஸ்பான்சர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. "ஓரத்தில் சின்னதாக ஒரு லோகோ மட்டும்" என்று ஆரம்பிப்பார்கள். ஓவியத்துக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் கோடு போடுவது எவ்வளவு கஷ்டம் என்பது லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெரியும். அங்கே ஓவியத்துக்குச் சலுகை, விளம்பரப் பலகைக்குக் கட்டுப்பாடு என்று இருந்ததை எதிர்த்து விளம்பர நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. நகரம் 2002இல் தனியார் சுவர்களில் இரண்டையும் சேர்த்தே தடுத்தது. சுவரோவியத்துக்குப் பேர்போன ஊரில் பதினோரு வருடம் புதிதாக வரைவது குற்றம். 2013இல் தடையை விலக்கியபோது, வணிகச் செய்தி கூடாது, வரைந்தது குறைந்தது இரண்டு வருடம் மாறாமல் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அந்த இரண்டு வருட நிபந்தனையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அவ்வளவு கெட்டிக்காரத்தனம். மாதா மாதம் மாறாவிட்டால் விளம்பரத்துக்குப் பிழைப்பில்லை, ஓவியத்துக்கு அந்த அவசரம் கிடையாது.

குடியிருப்பவர்களே வரைந்தால்

1970 ஏப்ரலில் அமெரிக்காவின் சான் டியாகோவில், கொரனாடோ பாலத்துக்குக் கீழே இருந்த நிலத்தில் புல்டோசர்கள் வந்து நின்றன. மெக்சிக அமெரிக்கர்கள் வாழும் பாரியோ லோகன் அது. நெடுஞ்சாலையும் பாலமும் அந்தப் பகுதியை ஏற்கெனவே கூறுபோட்டிருந்தன. பூங்கா வரும் என்று காத்திருந்த இடத்தில் நெடுஞ்சாலைக் காவல் நிலையம் வரப்போகிறது என்று தெரிந்ததும், மக்கள் இறங்கி நிலத்தை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். பூங்கா கிடைத்தது. 1973இலிருந்து பாலத்தின் தூண்களில் ஓவியங்கள் ஏறத் தொடங்கின. இன்று சிக்கானோ பார்க் ஒரு தேசிய வரலாற்றுச் சின்னம். நிலம் கைக்கு வந்த பிறகு வந்த படங்கள் அவை. வரிசை மாறியிருந்தால், அதாவது படம் முதலில் வந்து நிலம் வேறொருவர் கையில் இருந்திருந்தால், தூண்கள் இன்றைக்குச் சாம்பல் நிறத்தில்தான் இருந்திருக்கும்.

தூரிகை பிடித்துப் பழகாத நூறு பேரை வைத்துப் பெரிய சுவரை எப்படி வரைவது என்று கேட்பவர்களுக்கு ஃபிலடெல்ஃபியா ஒரு வழி வைத்திருக்கிறது. ஓவியர் வடிவத்தை முடித்து, கட்டம் பிரித்து, ஐந்தடிக்கு ஐந்தடி துணித் துண்டுகளில் வெறும் கோடுகளாக மாற்றுவார். நெய்யாத மெல்லிய துணி, பாராசூட் துணி என்பார்கள். ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கிண்ணம் வண்ணம். மேஜையில் விரித்துப் போட்டால் பள்ளிப் பிள்ளையும் நிரப்பலாம், கை நடுங்கும் பாட்டியும் நிரப்பலாம். காய்ந்ததும் சுருட்டி எடுத்துப் போய் அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டுவார்கள். தெருவில் நின்று பார்த்தால் ஒட்டிய இடம் தெரியாது. சுவரிடம் வர முடியாதவர்களிடம் சுவரே போய்விடுகிறது. கிரேட்டர்ஃபோர்டு சிறையில் இருந்தவர்கள் வரைந்த துண்டுகள் இப்படித்தான் தெருவுக்கு வந்தன. 1984இல் கிராஃபிட்டியை, அதாவது சுவர்க் கிறுக்கல்களை, ஒழிப்பதற்கென்று மேயர் தொடங்கிய திட்டம் இது. ஜேன் கோல்டன் என்ற ஓவியர், சுவரில் கிறுக்கி மாட்டிக்கொண்ட இளைஞர்களையே உட்கார வைத்து வரைய வைத்ததிலிருந்து வளர்ந்து, 4,000க்கும் மேற்பட்ட சுவரோவியங்களைத் தொட்டிருக்கிறது.

இந்த வழியின் மேல் எனக்குப் பிரியம் அதிகம் என்பதால் இதன் ஓட்டையையும் நானே சொல்லிவிடுகிறேன். "ஊர் மக்கள்" என்று ஒரே ஆள் கிடையாது. அதே ஃபிலடெல்ஃபியாவில் இத்தாலியர் சந்தைப் பகுதியில் 1995இல் ஃபிராங்க் ரிஸோவின் முகம் ஒரு கட்டடம் முழுக்க எழுந்தது. முன்னாள் போலீஸ் கமிஷனர், 1972 முதல் 1980 வரை மேயர். அந்தத் தெருவின் இத்தாலியக் குடும்பங்கள் பலவற்றுக்கு அவர் தங்கள் வீட்டுப் பிள்ளை. கறுப்பின மக்களுக்கு அவர் போலீஸ் தடியின் முகம். அதே தெருவில் காய்கறி வாங்க வருகிறவர்களில் இரண்டு தரப்பும் உண்டு. திரும்பத் திரும்ப வண்ணம் வீசினார்கள், திரும்பத் திரும்பத் துடைத்துச் சரிசெய்தார்கள். 2020 ஜூனில், ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொலையானதற்குப் பின் எழுந்த போராட்டங்களின் நடுவில், இனி இதைச் சரிசெய்ய மாட்டோம் என்று சுவரோவியத் திட்டத்தார் அறிவித்தார்கள். சில நாளில் முகமே மறைந்தது.

ஆயுதக் குழுக்கள் மோதிக்கொண்ட வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்ட்டின் கதை இதைவிடக் கசப்பு. வீட்டு ஓரச் சுவரில் முகமூடி போட்ட துப்பாக்கிக்காரரை வரைந்தவர்களும் அந்தப் பகுதி ஆட்கள்தான். அந்த வீட்டுக்குள் குடியிருந்தவர், "என் சுவரில் வேண்டாம்" என்று சொல்லியிருக்க முடியுமா? வட அயர்லாந்தின் கலைக் கழகம் 2006இல் அந்தப் படங்களை மாற்றுவதற்கென்றே தனித் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்போதும் தெருத் தெருவாக உட்கார்ந்து பேசித்தான் ஒவ்வொரு சுவராக மாற்றினார்கள்.

ஆகவே இந்த வழிக்கு நேரம் பிடிக்கும். ஒரு மாதத்தில் முடிந்த "மக்கள் ஓவியம்" என்று யாராவது சொன்னால், பேசியது யார், பேசாமல் போனது யார் என்று விசாரியுங்கள்.

சுவரைத் திறந்துவிட்டால்

லண்டனில் வாட்டர்லூ ரயில் நிலையத்துக்கு அடியில் லீக் தெரு என்றொரு சுரங்கப்பாதை. 2008 மே மாதம், முகம் காட்டாத தெரு ஓவியரான பேங்க்ஸி அங்கே ஸ்டென்சில் (வெட்டிய அட்டையை வைத்து வண்ணம் அடிக்கும்) ஓவிய விழா ஒன்றை நடத்தினார். அதிலிருந்து யாரும் வரையலாம் என்றாகிவிட்டது. காலையில் வரைந்தது மாலையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இப்படிப்பட்ட சுவர்களில் வண்ணம் படிந்து படிந்து தோல் போலத் தடித்துவிடும். ஒரு மூலை பெயர்ந்தால் உள்ளே வருடக்கணக்கான நிறங்கள் அடுக்கடுக்காகத் தெரியும்.

இங்கே அழிக்கும் உரிமை அடுத்து வருகிறவருக்கு. காதில் விழும்போது இதைவிட ஜனநாயகம் கிடையாது. நடைமுறையில் அந்த அடுத்தவர், ஸ்ப்ரே டப்பா வாங்கக் காசும் ராத்திரி அங்கே நிற்கத் தைரியமும் உள்ள இளைஞராகத்தான் பெரும்பாலும் இருப்பார். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு அந்த வரிசையில் இடம் எப்போது வரும்? இதனால்தான் காவலாள் இல்லாத திறந்த சுவர் கொஞ்ச நாளில் நாலு பேரின் சுவராகிவிடுகிறது.

நல்ல காவலாள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும், அவரும் போதாது என்பதற்கும் நியூயார்க்கின் 5பாய்ன்ட்ஸ் சாட்சி. குயின்ஸ் பகுதியில் பழைய தொழிற்சாலைக் கட்டடம், ஓடும் ரயிலிலிருந்து முழுசாகத் தெரியும். 2002இலிருந்து ஜொனாதன் கோஹன் என்ற ஓவியர் உரிமையாளரின் சம்மதத்தோடு, சம்பளம் வாங்காமல், அதைக் கட்டி மேய்த்தார். யாருக்கு எந்த இடம், எது சில நாள் நிற்கும் சுவர், எது நெடுநாள் நிற்கும் சுவர் என்று எழுதாத சட்டம் ஒன்று அங்கே இருந்தது. 2013 நவம்பரில் ஒரு ராத்திரி உரிமையாளர் மொத்தத்துக்கும் வெள்ளையடித்தார். அடுக்குமாடி கட்ட இடிக்கப் போகிற கட்டடம்தான், ஆனால் இடிக்கும்வரை பொறுக்கவில்லை. அவசர அடி என்பதால் வெள்ளைக்குக் கீழே முகங்கள் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தன. காட்சிக் கலைஞர் உரிமைக்கென 1990இல் வந்த சட்டத்தை வைத்து ஓவியர்கள் வழக்குப் போட்டார்கள். 2018இல் 45 ஓவியங்களுக்கு, ஒன்றுக்கு 1,50,000 டாலர் வீதம், 67.5 லட்சம் டாலர் கொடுக்கத் தீர்ப்பானது. 2020இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. முறையாக முன்னறிவிப்பு கொடுத்து, இடிப்பு அனுமதி வரும்வரை காத்திருந்தால் இந்த அளவுக்கு விழுந்திருக்காது. ஓவியங்களுக்குச் சட்டம் விலை வாங்கிக் கொடுத்தது. கட்டடம் போய் அங்கே இரண்டு கோபுரங்கள் நிற்கின்றன.

இந்தியாவில் இதே வேலையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு செய்கிறது, நிதானமாக. தில்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். மிச்சத்தை அவரிடம் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2005இல். நீதிமன்றத்தை நம்பி வரைய வேண்டாம் என்று சொல்வதற்கு இருபத்தாறு வருடம் போதும்.

வெறுமனே விட்டால்

வெள்ளைச் சுவரும் ஒரு முடிவுதான், பாதுகாப்பவர் வேண்டும். 2017 தொடக்கத்தில் பதவிக்கு வந்த, பிரேசிலின் சாவ் பாலோ நகர மேயர் ஜோவாவ் டோரியா, நகரத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு பெருஞ்சாலையின் ஓவியங்கள் மேல் சாம்பல் நிறம் அடிக்க வைத்தார். கிளம்பிய எதிர்ப்பே அந்தச் சாம்பலை நாட்டின் பெரிய செய்தியாக்கியது. இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரை ஊரில் 2014இல், வந்தேறிகளைத் திட்டும் பலகைகளோடு புறாக்கள் ஒரு பறவையை விரட்டும் படத்தை இனவெறி என்று புகார் வந்ததும் நகராட்சி அழித்தது. பிறகுதான் அது இனவெறியைக் கிண்டல் செய்த பேங்க்ஸியின் கை என்று தெரிந்தது. சுத்தத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவில் ஒரு வாளி வண்ணத்தின் தூரம்தான்.

ஆனாலும், குடியிருப்பவர்களைக் கிளப்பும் பேச்சு நடக்கிற பகுதியில் சுவரை வெறுமனே விடுவதையே நான் சொல்வேன். பட்டா இல்லாத இடத்தில் வண்ணம் பூசினால் அது வாங்க வருகிறவருக்கான அலங்காரம்.

எந்தச் சுவருக்கு எது

முதலில் நான் பார்ப்பது கை எட்டும் உயரத்தை. தரையிலிருந்து ஏழடி வரை யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஒட்டலாம், கிழிக்கலாம். அதற்கு மேலே ஏணி வேண்டும், அனுமதி வேண்டும், பணம் வேண்டும். பலரும் கீழ் ஏழடியைக் காப்பாற்ற வழவழப்பான மேல்பூச்சு அடிக்கிறார்கள். ஈரம் இழுக்கும் சுவரில் அது மூச்சை அடைத்து, உள்ளே உப்பு பூத்து, படத்தோடு சேர்த்துப் பெயர்த்துவிடும். காப்பாற்றுவதை விட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். சாலையைப் பார்த்த உயர்ந்த சுவரில் மேல் பகுதியை ஓவியரிடம் கொடுங்கள், கீழ் ஏழடியைக் கரும்பலகை போல ஊருக்கு விட்டுவிடுங்கள். பாலத்தின் அடி, சுரங்கப்பாதை போல ஒருவரும் குடியிருக்காத இடம் என்றால் திறந்த சுவர், கூடவே ஊரே தேர்ந்தெடுத்த ஒரு காவலாள், வருடத்துக்கொருமுறை மாறுகிறவர். வாடகையும் நிலமும் நிலையாக உள்ள குடியிருப்பு என்றால் துணியும் கிண்ணமும் வைத்து மக்களே வரைவதுதான், ஆறு மாதம் ஆனாலும் சரி.

அடுத்தது ஆயுள். வெயில் படும் சுவரில் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் முதலில் ஓடிவிடும், காவி போன்ற மண் நிறங்கள் நிற்கும். சுவரோவியத்துக்கு இயல்பிலேயே வயது உண்டு என்பதைத் தாளிலும் ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை வராது. சான் பிரான்சிஸ்கோ பள்ளி ஒன்றில் 1936இல் விக்டர் அர்னாட்டாஃப் வரைந்த, ஜார்ஜ் வாஷிங்டனின் வாழ்க்கையைக் காட்டும் சுவரோவிய வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பிறப்பில் இருந்த அடிமைகளையும் கொல்லப்பட்ட பூர்வகுடியையும் மறைக்காமல் காட்டியது அவருடைய துணிச்சல். எண்பது வருடம் கழித்து, தினமும் அந்தப் பிணத்தைத் தாண்டி வகுப்புக்குப் போகும் பூர்வகுடிப் பிள்ளைக்கு அது வேறு. 2019இல் அழிக்க முடிவெடுத்தார்கள், பிறகு மூட முடிவெடுத்தார்கள், வழக்கு வந்தது, 2022இல் முடிவையே திரும்பப் பெற்றார்கள். ஏழு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்போம் என்று ஒரு வரி முதலிலேயே இருந்திருந்தால் இரண்டு தரப்புக்கும் ஒரு வாசல் இருந்திருக்கும்.

கேட்பதிலும் யாரைக் கேட்பது என்று இருக்கிறது. நியூயார்க்கின் ஃபெடரல் பிளாசாவில் 1981இல் ரிச்சர்ட் செர்ரா நிறுத்திய 120 அடி நீள இரும்புச் சுவரைப் பற்றி 1985இல் பொது விசாரணை வைத்தார்கள். பேசிய 180 பேரில் 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுக்கச் சொன்னார்கள். 1989இல் எடுத்தே விட்டார்கள். இருக்கட்டும் என்றவர்களில் கலைத்துறையினர் நிறைய. எடுக்கச் சொன்னவர்களில் பலர் தினமும் அதைச் சுற்றிக்கொண்டு அலுவலகம் போனவர்கள். நான் யார் பக்கம் என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் அந்த அலுவலகக்காரர்களைக் கேட்டிருக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

தூரிகை வாங்கும் முன்னால் ஒரு பக்கத் தாள் எழுதுங்கள். எத்தனை வருடம், அழிப்பதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, கட்டடத்தை விற்றால் வாங்குகிறவரை அது கட்டுமா, அழிக்கும் முன் படமெடுத்து வைப்பது யார் பொறுப்பு. பணம் கொடுப்பவரும் சுவரின் சொந்தக்காரரும் ஒருவராகவே இருந்தால் ஓவியரின் பக்கம் ஒரு வக்கீல் பார்க்கட்டும். கீழே சொந்தக்காரர் கையெழுத்து, ஓவியர் கையெழுத்து. அதோடு, அந்தச் சுவருக்கு நேர் எதிரே ஜன்னல் உள்ள வீட்டில் வாடகைக்கு இருப்பவரின் கையெழுத்தும் வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். மற்றவர்கள் அந்தப் படத்தைப் பார்க்க வருகிறார்கள், அவர் காலையில் எழுந்தால் அதில்தான் கண் விழிக்க வேண்டும்.